தொண்ணூற்றாறு கோரும் ஈரத் துணியும்

மழைக்காலம் வந்துவிட்டால் அந்த அலுவலகத்தில் எல்லோரும் ஈரத் துணிப் பையோடுதான் வேலைக்கு வருவார்கள். சர்வர் அறையில் பழைய இயந்திரம் அடுப்பாகத் தகிக்கும். அதன் பின்னால் கட்டிய கொடியில் விரித்துவிட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். இது ஊருக்கே தெரியும், தலைமை அலுவலகத்துக்கு மட்டும் தெரியாது.

சர்வரைப் பார்த்துக்கொண்டவன் மேலாளரின் மச்சினன், தற்காலிக ஊழியன். இந்த வருடமாவது வேலை நிரந்தரமாக வேண்டுமே என்று, அலசி ஆராய்ந்து, பழைய இயந்திரத்துக்குப் பதில் புதிய பிராசசர் ஒன்றை வாங்க வைத்தான். இரண்டு மடங்கு வேகம், பாதி மின்சாரம், சூடு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

முதல் மழையன்று மேலாளரின் மனைவி, அதாவது இவனுடைய அக்கா, பிள்ளைகளின் சீருடையைக் கொண்டுவந்து போட்டாள். சாயங்காலமும் அது சொட்டிக்கொண்டிருந்தது.

“என்னடா வாங்கி வச்சிருக்கே?”

“அக்கா, இதுல தொண்ணூத்தாறு கோர். ஒரே நேரத்துல தொண்ணூத்தாறு வேலை பார்க்கும்.”

“தொண்ணூத்தாறும் சேர்ந்து ஒரு டவுசரைக் காய வைக்கத் துப்பில்லையா?”

மேலாளர் அத்தான் வந்து குண்டைத் தூக்கிப் போட்டார். “நாளைக்குத் தலைமை அலுவலக அதிகாரி வர்றார். உன் வேலையப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லணும்னா, முதல்ல என் சட்டை காயணும்.”

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வயிற்றுப்பாடு. ஒன்றுக்கும் உதவாத கணக்கு ஒன்றை எல்லாக் கோர்களிலும் முடிவில்லாமல் ஓடவிட்டான். விசிறிகள் அலறின. துணிகள் மொறுமொறுவென்று காய்ந்தன. அலுவலகக் கணினிகளோ ஆமையாக நகர்ந்தன. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோருடைய துணியும் கொடியில் கிடந்தது.

மறுநாள் அதிகாரி தொப்பலாக நனைந்து வந்தார்.

“புது பிராசசர்தானே? ஏன் இப்படித் தள்ளாடுது?” என்று கேட்டபடி சர்வர் அறைக்குள் நுழைந்தார். கொடியை மேலும் கீழும் பார்த்தவர், கோட்டைக் கழற்றினார்.

“கிளிப் இருக்கா?”

சற்று நேரத்தில் வெதுவெதுப்பான கோட்டோடு, முகமெல்லாம் சிரிப்பாக, அவனுடைய வேலை உத்தரவில் கையெழுத்திட்டு நீட்டினார். ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு படித்தான்: ‘மழைக்காலம் முடியும்வரை நிரந்தரம்.’

அன்றிலிருந்து வெயில் எட்டிப் பார்த்தாலே அவன் வானத்தில் மேகம் தேடுகிறான். தொண்ணூற்றாறு கோரும் இப்போது ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கின்றன: நாளைக்கு மழை உண்டா, இல்லையா.