பாதி வீட்டுத் தரை

தையல் மெஷினின் ஒரு காலுக்குக் கீழே அட்டையை நான்காக மடித்து வைத்தால்தான் தையல்காரிக்கு வேலை ஓடும். அந்த இடத்தில் சிமெண்டுத் தரை பள்ளம் விழுந்து, பெயர்ந்து, கூட்டக் கூட்ட மண் வந்துகொண்டே இருந்தது. நாலு பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்து முடிப்பதற்குள் அட்டை நசுங்கிவிடும், மெஷின் மறுபடி ஆட ஆரம்பிக்கும். தரையை ஒரு திட்டு, வீட்டுக்காரரை ஒரு திட்டு திட்டிவிட்டு வேறு அட்டை தேடுவாள்.

அன்றைக்கு வீட்டுக்காரரே வாசலில் வந்து நின்றார், கக்கத்தில் இரண்டு டைல்ஸோடு. தரையைச் சரிபண்ணச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்தது மட்டும்தான் இதுவரை அவளுக்கு மிச்சம்.

"அட, இன்னிக்கு மழைதான் வரப்போகுது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"கிண்டலா? வாடகை வீடும்மா. விலையும் கையைக் கடிக்கக் கூடாது, போட்டா வருஷக்கணக்குல தாங்கவும் தாங்கணும். ரெண்டும் ஒரே விலைதான். நீதானே இருக்கப்போறே, நீயே சொல்லு."

ஒன்று வெள்ளை. அதைப் பார்த்துத் தலை சீவலாம், அப்படிப் பளபளத்தது. மற்றது சாம்பல் நிறம், தடவினால் சொரசொரவென்று இருந்தது. தையல்காரி சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து இரண்டின் மேலும் ஊற்றினாள். "இந்தாங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று உள்ளே இருந்த புருஷனைக் கூப்பிட்டாள்.

அவன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவனாக இருந்தான். ஒருநாள் மூட்டையோடு கீழே விழுந்ததில் கால் உடைந்து, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அதோடு வேலையும் போயிற்று. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து வெள்ளையின் மேல் ஊன்றினான். கோல் சர்ரென்று வழுக்கியது. வீட்டுக்காரர் தோளைப் பிடித்திருக்காவிட்டால் ஆளே சாய்ந்திருப்பான். சாம்பலில் ஊன்றினால் கோல் அசையவில்லை.

"இதுதான் சார்" என்று சாம்பலைக் காட்டினாள் தையல்காரி. "இன்னொரு தடவை விழுந்தா எழுந்து நடக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"பார்க்க மங்கலா இருக்கே?"

"நாங்க என்ன அதுல படமா பாக்கப்போறோம்?"

வீட்டுக்காரர் சிரித்தார். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் போனார். அந்தத் தலையாட்டலை அவளும் நம்பித் தொலைத்தாள்.

அடுத்த வாரம் வண்டியில் வந்து இறங்கிய பெட்டிகள் அத்தனையும் வெள்ளை. பின்னாலேயே போன் வந்தது.

"திங்கக்கிழமை மேஸ்திரி வராரு. சாமானையெல்லாம் எடுத்துக்கிட்டு ஒரு வாரம் உன் கொழுந்தன் வீட்டுல போய் இருங்க. முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

"வெள்ளையில்ல சார் வந்திருக்கு?"

"போட்டோ எடுத்தா அதுதான் பளிச்சுனு தெரியும்."

"போட்டோ எதுக்கு சார்?"

அவர் போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்காரருக்குச் சொந்தமான அதே வரிசையில் கடைசி அறையில் இருந்த அக்காவும் இப்படித்தான், வெள்ளையடிக்க நாலு நாள் என்று கிளம்பிப் போனாள். திரும்பி வந்தால் கதவில் புதுப் பூட்டு, வீட்டில் புதுக் குடித்தனம். அவளுடைய செடித்தொட்டி மட்டும் வாசலில் கிடந்தது. அதை நினைத்ததும் தையல்காரிக்குக் கோபம் வந்தது, வந்த கோபம் இறங்கவே இல்லை.

"தம்பி வீட்டுக்கு வேணா போய்ப் பாப்போமா?" என்றான் புருஷன்.

"தாராளமா போலாம். மூணாவது நாளே என் ஓரகத்தி பாத்திரத்தை உருட்ட ஆரம்பிப்பா. நாலாவது நாள் அந்த வீடும் இல்ல, இந்த வீடும் இல்ல."

"அப்ப என்னதான்டி பண்றது?"

"கட்டிலை ஒரு கை பிடிங்க. அந்தப் பக்கம் தள்ளணும்."

திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி, சித்தாளோடு வந்து எட்டிப் பார்த்தார். கட்டில், பீரோ, அடுப்பு, துணிமூட்டை எல்லாம் ஒரு பாதியில் கூரை முட்டக் கிடந்தன. அதற்கு முன்னால் மெஷின், மெஷினுக்குப் பின்னால் தையல்காரி. மற்ற பாதி துடைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

"என்னம்மா, வீடு காலியாகலையே?"

"பாதி காலியா இருக்கு பாருங்கண்ணே. பாதி பாதியா போட முடியாதா?"

"ஏன் முடியாது? ஆஸ்பத்திரியில அப்படித்தான் போட்டோம், படுத்திருக்கிறவங்களைக் கிளப்ப முடியுமா? என்ன, நடுவுல சேர்ற இடத்துல கோடு தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும். டீ குடிச்சிட்டு ஆரம்பிங்க."

குடியிருக்கிறவள் இவ்வளவு தைரியமாகச் சொன்னால் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டுத்தான் சொல்வாள் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். அந்தப் பாதித் தரையைக் கொத்தி அள்ளி, வாசலில் கலவையைக் குழைத்து முடிக்கவும் வீட்டுக்காரர் வரவும் சரியாக இருந்தது.

"யாரைக் கேட்டுய்யா ஆரம்பிச்சே? நிறுத்து!"

மேஸ்திரி திருதிருவென்று விழித்தார். "இந்தம்மா சொல்லுச்சே... குழைச்சாச்சு சார். இறுகிடுச்சுன்னா அவ்வளவும் குப்பைதான்."

வீட்டுக்காரர் கலவையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏம்மா, ஒரு வாரம்தானே கேட்டேன்?"

"கடைசி ரூம் அக்காகிட்ட நாலு நாள்தான் கேட்டீங்க."

"நடுவுல இப்படிக் கோடு விழுந்தா எவன் வந்து குடியிருப்பான்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சித்தாள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். வரிசையில் இருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"எவனும் வர வேணாம் சார். அதான் நாங்க இருக்கோமே" என்றாள் தையல்காரி. மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

"சார், கலவை..." என்றார் மேஸ்திரி.

ஒரு பிடி சிமெண்டு சிந்தினாலும் தூக்கம் வராத மனுஷர் அவர். கலவைச் சட்டியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "போட்டுத் தொலை!"

"டைல்ஸையாவது மாத்துங்க சார். இவரு கால் வைக்கணும்."

"பிரிச்ச பெட்டியைக் கடைக்காரன் திருப்பி எடுப்பானா? அவரைப் பாத்து நடக்கச் சொல்லு."

முதல் பாதி இறுகியதும் சாமானெல்லாம் இந்தப் பக்கம் வந்தது, அப்புறம் அந்தப் பாதியும் முடிந்தது. மேஸ்திரி சொன்னபடியே நடுவில் சுவரிலிருந்து சுவருக்கு ஒரு கோடு ஓடியது. மெஷின் இப்போது ஆடவில்லை. அட்டையைத் தூக்கி வெளியே எறிந்தபோது, என்ன இருந்தாலும், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் போனைக் கையில் பிடித்தபடி வந்தார். "கொஞ்சம் ஒதுங்கும்மா. சும்மா ஒரு போட்டோ."

"அவசரத் துணி சார், ஒதுங்க நேரமில்ல" என்று சொல்லிவிட்டு, உள்பக்கம் திரும்பி, "சாப்பிட வாங்க" என்று குரல் கொடுத்தாள்.

புருஷன் கட்டிலைவிட்டு எழுந்தான். கோலின் நுனியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தவனுக்கு, நடுவீட்டில் பிடிக்க ஒன்றுமில்லை. கோட்டின் மேல் நின்றான்.

"சீக்கிரம் தாண்டிப் போப்பா, இருட்டப்போகுது" என்றார் வீட்டுக்காரர், போனைத் தூக்கிப் பிடித்தபடியே.

"வழவழன்னு போட்டது நீங்கதானே சார். மெதுவாத்தான் வர முடியும்."

கோலைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தான். வழுக்குகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தான். அப்புறம்தான் கோணல் காலைத் தூக்கினான்.