ஜன்னலோர சீட்டில் கெர்டா

சமானாவில் அருவி காட்டிவிட்டு டூரிஸ்ட் பஸ் ஹோட்டல்கள் நிறைந்த பாவரோவுக்குத் திரும்பியபோது, ஜன்னலோர சீட்டில் கெர்டா உட்கார்ந்திருந்தாள். பெரிய ஓலைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் ஹோட்டல் விருந்தாளிகளுக்குக் கட்டும் நீலப் பட்டை. யாரோ அறுத்தெறிந்த பட்டை அது. ஓட்னே பசை போட்டு ஒட்டியிருந்தான்.

ஓட்னே அவளுடைய அண்ணன். அந்த பஸ்ஸில் ஜூஸ் ஊற்றுவது, குதிரை மேல் உட்கார்ந்த டூரிஸ்ட்டுகளைப் படம் எடுப்பது, கூட்டித் துடைப்பது எல்லாம் அவன் வேலை. கெர்டா சமானாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்த்தாள். அங்கே அவர்களைப் போல எல்லை தாண்டிப் பிழைக்க வந்த ஹைத்திக்காரர்களை வீடு வீடாகப் பிடித்து, திருப்பி அனுப்ப லாரியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அவளிடம் எந்தக் காகிதமும் இல்லை. மூன்று வயது மகள் மிக்கா பாவரோவில், ஓட்னேயின் அறையில் இருந்தாள். ஓட்னேயின் வேலை அனுமதி அட்டையும் காலாவதியானதுதான். ஆனால் கம்பெனிச் சட்டை போட்டவனை யாரும் கேட்பதில்லை. டூரிஸ்ட் பஸ்ஸையும் செக்போஸ்ட்டில் யாரும் துருவுவதில்லை. அதனால்தான் அவளை மகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க இந்த வேஷம்.

"இந்த ஒரு தடவைதான்டா," என்றார் டிரைவர் அனிபல். "மாட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாது. டூரிஸ்ட்டுனு நெனச்சேன், அவ்ளோதான்."

கெர்டா கிசுகிசுத்தாள். "எப்படிண்ணே உக்காரணும்?"

"எதுவுமே பிடிக்காத மாதிரி உக்காரு. ஏசி பத்தலைன்னு மூஞ்சிய வச்சுக்கோ."

"சிரிப்பு வருதுண்ணே."

"அடக்கு. சிரிச்சா அப்படியே நம்மூர்க்காரி."

வழியில் ஒரு கடற்கரையில் நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினார்கள். அவள் மட்டும் இறங்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று ஓட்னே அவளையும் இறக்கினான். கெர்டா செருப்பைக் கழற்றி, தண்ணீரில் கால் வைத்து நின்றாள்.

"நாலு வருஷமா இந்தக் கடலோரமாத்தான் வேலைக்குப் போறேன். கால நனைச்சதே இல்ல," என்றாள். "ஞாயித்துக்கெழமை மிக்காவக் கூட்டிட்டுக் கடலுக்குப் போவோமாண்ணே?"

"மொதல்ல வீடு போய்ச் சேருவோம்."

செக்போஸ்ட்டில் எப்போதும் கையசைத்து அனுப்பிவிடுவார்கள். அன்று கை மேலே எழுந்தது. அனிபல் பிரேக்கை அழுத்தினார். தூக்கக் கலக்கத்தோடு ஒரு இளம் சிப்பாய் ஏறி, சீட்டு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தான். கெர்டா சலித்துக்கொண்டு ஏசித் துளையைத் திருப்பினாள். அவன் அவளைக் கடந்து போனான்.

ஓட்னே மூச்சு விட்டான்.

அப்போதுதான் கெர்டாவின் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கிழவரின் கையிலிருந்து ஜூஸ் கிளாஸ் நழுவியது. ஆரஞ்சு ஜூஸ் தரையில் ஓடியது. துடைக்க வேண்டியவன் ஓட்னே. இடுப்பில் துணி தொங்கியது. அவன் கண்ணோ சிப்பாயின் முதுகிலேயே இருந்தது, கை அசையவில்லை.

கெர்டா குனிந்தாள். மடியிலிருந்த துண்டை எடுத்து, முழங்காலை ஊன்றி, கிழவரின் காலை மெல்ல ஒதுக்கிவிட்டு, ஒரே வீச்சில் ஜூஸை வழித்தாள். துண்டைத் திருப்பி மடித்து மறுபடி வழித்தாள்.

சிப்பாய் திரும்பினான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நல்லாத்தான் துடைக்கிற," என்றான். "எந்த ஹோட்டல்ல வேலை?"

அவன் குனிந்து பட்டையை இழுத்தான். பசை விட்டது.

"இவ யாரு?" என்று ஓட்னேயிடம் கேட்டான்.

கெர்டா முந்திக்கொண்டாள். "இவர எனக்குத் தெரியாது சார். அருவிகிட்ட நானாத்தான் ஏறினேன். எம் பொண்ணு தனியா இருக்கு, அதான்." பொண்ணு என்றபோது மட்டும் அவள் ஓட்னேயைப் பார்த்தாள்.

"உன்னத்தான் கேட்டேன்," என்றான் சிப்பாய். "தெரியுமா?"

"தெரியாது சார்," என்றான் ஓட்னே.

அவளை இறக்கிக் கொண்டுபோனார்கள். மரத்தடியில் லாரி நின்றது. கம்பிகளுக்குள்ளிருந்து முகங்கள் தெரிந்தன. பஸ் நகர்ந்தது.

"பின்னால பாக்காதடா," என்றார் அனிபல்.

கிழவர் விழித்துக்கொண்டு கால்களைத் தூக்கினார். "தம்பி, தரையெல்லாம் பிசுபிசுங்குது. இதெல்லாம் பாக்க மாட்டியா?"

ஓட்னே இடுப்புத் துணியை உருவி, அவள் மண்டியிட்ட இடத்திலேயே மண்டியிட்டான். பாதி இடத்தை அவள் துடைத்துவிட்டுப் போயிருந்தாள்.