ஏன் அடித்தான்?

தோள்பட்டை எலும்பு ஒருவழியாகக் கூடிவிட்டது, ஆனால் கோணலாக. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வையைத் தூக்கினால் இன்னும் உயிர் போகிறது. உடைத்த புருஷ மகராசன் இஸ்திரி போட்ட சட்டையோடு நீதிமன்றத்துக்குள் உட்கார்ந்திருந்தான். அவள் வெளியே தாழ்வாரத்து பெஞ்சில், சாட்சி சொல்லக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள்.

தோள் உடைந்த அன்றைக்குச் சலவை மெஷின் பழுதாகி வேலை சீக்கிரம் முடிந்தது. வீட்டுக்கு வந்து அறைக் கதவைத் திறந்தவள் கண்டதை எந்தத் தாயும் காணக் கூடாது. மகளைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். அதற்குத்தான் அந்த அடி. அதற்கு முன்னால் வாங்கிய அடிகளுக்கெல்லாம் சொந்தபந்தம் வந்து, 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போனது. சொன்ன வாயில் கொள்ளியைத்தான் வைக்க வேண்டும்.

மகளுக்கு ஒன்பது வயது. சேட்டை தாங்காமல் எல்லாரும் 'வாலு' என்றே கூப்பிடுவார்கள். இப்போது கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அரசு வக்கீலம்மா காலையிலேயே சொல்லியிருந்தார். "குழந்தையைத் தனி ரூம்ல வெச்சுத்தான் கேட்போம், அவ அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம். ஆனா கண்ணால பார்த்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க வாயைத் திறக்கலைன்னா அந்தக் குற்றம் நிக்கிறது கஷ்டம்."

அண்ணன் டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். லாரி ஓட்டுகிறவன். அந்த நாளிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் அவன் வீட்டில்தான் சோறு.

"இங்க பாரும்மா, அவங்க ஆளுங்ககிட்ட பேசிட்டேன். உன்னை அடிச்சதை ஒத்துக்கறானாம். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ உள்ள இருப்பான். விவாகரத்தும் தர்றான், வீட்டையும் உன் பேருக்கு எழுதித் தர்றான்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"அந்த இன்னொண்ணை மட்டும் விட்டுடு. அதுக்கு இருபது வருஷம் உள்ள தள்ளிடுவாங்களாம். அவன் எக்கேடோ கெட்டுப் போறான், நம்ம பொண்ணு பேரு நாறிடுமே! ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?"

"ஏன் அடிச்சான்னு கேட்டா?"

"குடிச்சிட்டு அடிச்சான்னு சொல்லு. எல்லா வீட்லயும் நடக்கறதுதானே."

அவள் மனம் சரியத்தான் செய்தது, ஏன் மறைக்க வேண்டும்? சொந்தமாய் ஒரு கூரை கிடைக்கும். அண்ணி தட்டை 'ணங்'கென்று வைக்கிற சத்தத்தைக் கேட்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மகளைக் காட்டி யாரும் குசுகுசுக்க மாட்டார்கள். சரி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அப்புறம் ஒரு சின்ன விஷயம்," என்றான் அண்ணன். "வெளிய வந்ததும் மாசத்துல ரெண்டு தடவை பொண்ணை அவன்கிட்ட அனுப்பணுமாம். என்ன இருந்தாலும் பெத்த அப்பன் இல்லையா? ராத்திரி வெச்சிருந்துட்டு மறுநாள் கொண்டுவந்து விட்டுடுவான்."

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, உன் பொண்ணை ஒரு ராத்திரி அவன் வீட்ல விடுவியா?"

"சீ! என் பொண்ணை எதுக்குடி இதுல இழுக்கற?" என்று துள்ளி எழுந்தான். எழுந்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. அப்புறம் அவன் தங்கையின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் வீட்டில் முறைப்பது போலவே முறைத்தான். தோளை உடைத்தது யார் என்று வக்கீலம்மா கேட்டார்.

"என் புருஷன்."

"ஏன் அடிச்சாரு?"

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பாதி புடவையில் சிந்தியது.

"என் பொண்ணை அவருகிட்டேருந்து பிடுங்கினேன், அதுக்கு," என்றாள். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பினாள். "என்ன பண்ணிட்டிருந்தப்ப பிடுங்கினேன்னு சொல்றேன் ஐயா. கதவைச் சாத்தச் சொல்லுங்க."