தொட்டிக்கு அடியில் நின்ற தண்ணீர்

தையல்காரியின் வீட்டில் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மெஷின், நடுவில் துணி வெட்டும் மேசை, மூலையில் உடுப்பைப் போட்டுப் பார்க்க ஒரு திரை. திரைக்குப் பின்னால் நின்று வாடிக்கைக்காரர்கள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் இவள் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். அவர்கள் இடுப்பு பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். இவளுக்கோ வாடை பிடிக்கிறார்கள் என்று தோன்றும்.

காரணம் நாத்தனார். கணவனின் அக்கா. தனியாளாகிப் போன பிறகு தம்பி வீட்டோடு வந்து இருந்தாள். கோழிக்கறிக் கடையில் வெட்டும் வேலை. குறை சொல்ல ஒன்றும் கிடையாது. பின்வாசல் வழியாக வருவாள், நேரே குளியலறைக்குப் போவாள், எலுமிச்சைத் தோலை விரலிடுக்கில் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் மற்றவர் முகத்தில் விழிப்பாள். பிறகு உட்கார்ந்து தம்பி மனைவிக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். அவள் தைத்த பொத்தானைப் பிடுங்கக் குறடு வேண்டும். அப்படிப்பட்டவளை வாய்விட்டு என்ன சொல்வது? தையல்காரி ரோஸ்மேரி என்ற வாசனைச் செடியை வாங்கினாள்.

ரோஸ்மேரியை வீட்டுக்குள் வைத்தால் வீடே மணக்கும் என்று போனில் பார்த்த வீடியோவில் ஒரு பெண் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தாள். செடி விற்றவர், "வெயில் படற எடமாப் பாத்து வைங்க. மண்ணு காஞ்சப்புறம் தண்ணி விட்டாப் போதும்" என்றார். அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி கண்ணுக்கு லட்சணமாக இல்லை என்று, அதை அப்படியே ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டிக்குள் இறக்கி ஜன்னலடியில் வைத்தாள். பீங்கானுக்கு அடியில் ஓட்டை கிடையாது. தரை நனையாது, நல்லதுதானே!

ஆனால் செடி சும்மா நின்றால் மணக்கவில்லை. இலையைத் தடவினால்தான் மணந்தது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இவள் காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு ஊற்றினாள்.

"ஏம்மா, அடியில தண்ணி நிக்குதே. கொஞ்சம் சாய்ச்சு விடேன்" என்றாள் நாத்தனார் ஒருநாள்.

"இது தண்ணி கேக்கற செடி அக்கா" என்று வாய் கூசாமல் அடித்துவிட்டாள் தையல்காரி.

மூன்றாவது வாரம் முன்னறையில் நிஜமாகவே ஒரு வாடை வந்தது. அழுகல் வாடை. அவள் செடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குற்றவாளி யார் என்பதுதான் ஏற்கெனவே முடிவாகியிருந்ததே!

அந்த நேரம் பார்த்து ஒரு வக்கீலம்மா, தைக்கக் கொடுத்த கோட்டை வாங்க வந்தாள். மனதில் பட்டதைச் சட்டென்று சொல்லிவிடுகிற பெண்மணி அவள். திரையை விலக்கி வெளியே வந்ததுமே, "என்னங்க இது, ஏதோ வாடை?" என்றாள்.

தையல்காரிக்கு முகம் சுண்டிவிட்டது. நாக்கு முந்திக்கொண்டது.

"அது எங்க நாத்தனாருங்க. கோழிக்கடையில வேல. என்ன தேய்ச்சுக் குளிச்சாலும் போகல. வீட்டோட இருக்காங்க, என்ன பண்ணச் சொல்றீங்க?"

சொல்லி முடித்து நிமிர்ந்தால், சமையலறை வாசலில் நாத்தனார். குளித்த தலையில் துண்டு, கையில் பொத்தான் டப்பா. டப்பாவை மேசையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு உள்ளே போனாள். சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள், "கடைக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் கெடச்சிருக்கும்மா. நடக்கற தூரம் மிச்சம்" என்றாள். பெட்டியோடு கிளம்பும்போது செடியருகே நின்று, "ஒரு கொப்பு ஒடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். "தாராளமா எடுத்துக்கோங்க" என்றாள் தையல்காரி, பெரிய மனது பண்ணி. அக்கா ஏன் போகிறாள் என்று கணவன் கேட்டபோது, "நடக்க முடியலையாம்" என்றாள். அவனும் நம்பினான்.

ஒரு மாதம் கழித்து வக்கீலம்மா இன்னொரு கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள்.

"போன கோட்டுல பொத்தான் யாரு தைச்சது? ஒண்ணுகூட அசையல" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தி மூக்கைச் சுளித்தாள். "அதே வாடைங்க. இன்னும் பலமா."

"இல்லீங்களே, நாத்தனார்தான் போய்..." என்று இழுத்தாள் தையல்காரி.

வக்கீலம்மா அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜன்னலடியில் குனிந்தாள். செடி இலையெல்லாம் பழுப்பாகிக் காய்ந்து நின்றது. அது வெயிலில் வாடுகிறது என்று தையல்காரி அன்று காலையிலும் ஒரு சொம்பு ஊற்றியிருந்தாள். வக்கீலம்மா இரண்டு விரலால் பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கினாள். பீங்கானுக்குள் கறுப்பாகத் தண்ணீர், அதில் கொழகொழவென்று வேர். வாடை குப்பென்று முகத்தில் அடித்தது.

"அட, இதுதானா!" என்று சிரித்தவள், சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "பாவம், அந்தம்மாவச் சொன்னீங்களே" என்றாள்.

அளவெடுக்கும் டேப் தையல்காரியின் கழுத்தில் தொங்கியது. வக்கீலம்மாவின் தோள் அளவை மூன்று தடவை எடுத்து எழுதினாள். அவமானத்தில் காது மடல் எரிந்தது. வக்கீலம்மா போனதும் டேப்பைக்கூடக் கழற்றாமல் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நாத்தனாரின் அறை ஒரு மாடிப்படிக்குப் பின்னால் இருந்தது. கதவில் பாதிக்குமேல் கண்ணாடி. தட்டிவிட்டுப் படி நிழலில் நின்றவளுக்கு உள்ளே விளக்கொளியில் நடப்பது தெரிந்தது. நாத்தனார் எழுந்து வந்தாள். கதவோரம் ஒரு முக்காலி, அதன்மேல் தகர டப்பா, அதில் அன்று ஒடித்துக்கொண்டு போன கொப்பு. நுனியில் புதுத் துளிர் விட்டிருந்தது. நாத்தனார் அதில் ஒரே ஒரு இலையைக் கிள்ளி, இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்து, விரல்களை முகர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தாள்.

"அட, நீயா! வாம்மா. தம்பி நல்லாருக்கானா?"

வழியெல்லாம் கோத்து வைத்த பேச்சு தையல்காரிக்கு மறந்து போயிற்று. "வாடை உங்க மேல இல்லக்கா. அந்தத் தொட்டியில" என்றாள்.

"தெரியும்மா. நான்தான் அப்பவே சொன்னேனே, தண்ணி நிக்குதுன்னு."

"தெரிஞ்சுமா போனீங்க? அன்னைக்கே என்னை நாலு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா!"

"கேட்டிருந்தா தொட்டிய எடுத்து வெளிய வெச்சிருப்ப. வாடை போயிருக்கும். நீ சொன்னது போயிருக்குமா?" நாத்தனார் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள். "அத விடு. உக்காரு."

"அப்புறம் எதுக்குக்கா இப்ப அந்த இலை?"

நாத்தனார் தன் கையையே பார்த்துக்கொண்டாள். "அது என்னமோ... யாராவது கதவத் தட்டினா கை தானா போயிடுது."

தையல்காரி தகர டப்பாவைப் பார்த்தாள். கொப்பில் நுனித் துளிரும் நாலைந்து இலையும்தான் மிச்சம், மற்றதெல்லாம் வெறும் குச்சி. ஒரு மாதத்தில் இந்தக் கதவை எத்தனை பேர் தட்டியிருப்பார்கள்? பால்காரர், வீட்டுக்காரம்மா, தம்பி.

அவள் நாற்காலியை இழுத்து நாத்தனாரின் பக்கத்தில், முழங்கால் இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள். நாத்தனார் சிரித்தபடியே தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.