காத்திருப்போர் பட்டியலில் ஒரு பால்பல்

பன்னிரண்டாவது பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இவர்கள்: பள்ளி நூலகத்தில் நீள மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியை, அவருக்கு இடப்பக்கம், சாவிக்கொத்தும் பெயர்ப்பட்டியலுமாக எழுத்தர் செனாய்தா, ஜன்னலை ஒட்டிய நல்ல நாற்காலிகளில் சியாட்டிலிலிருந்து புதிதாகக் குடிவந்த லிண்ட்க்விஸ்ட் தம்பதி, அவர்களுக்குப் பின்னால் இரண்டு வரிசை நிறைய அவர்களைப் போன்றவர்கள், கதவருகே, பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில், கொட்டகையில் ஆப்பிள் பெட்டி கட்டும் ஒதிலியா, அவள் மடியில், பதினோரு வருடங்களாக ஐந்து வயதிலேயே இருக்கும் அவள் மகள் யாரெலி. யாரெலியின் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதுவும் பதினோரு வருடங்களாகத்தான்.

அந்தப் பள்ளத்தாக்கில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. பாதி நாள் ஸ்பானிஷிலும் பாதி நாள் ஆங்கிலத்திலும் பாடம் நடக்கும் அரசுப் பள்ளி அங்கே அது ஒன்றுதான். வருடத்துக்கு நாற்பத்தெட்டு இடம். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்குப் பாதி, ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் பாதி. இடம் கிடைக்காத பிள்ளையின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் ஏறும். பட்டியலில் பெயர் இருக்கிறவரை பிள்ளை வளராது. பெரும்பாலோர் ஒரு வருடம் பார்ப்பார்கள், பிறகு பெயரை எடுத்துவிட்டு ஆங்கிலம் மட்டும் சொல்லித்தரும் பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர்ப்பார்கள், அந்த மாதமே பிள்ளைக்குக் கால்சட்டை குட்டையாகும். எடுக்காதவர்கள் குறைவு. அப்படிப்பட்ட பிள்ளைகள் வந்தால் மருத்துவர் உயரத்துக்கான கட்டத்தில் 'காத்திருப்பில்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஐந்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டமில்லாததால், யாரும் வந்து கேட்டதும் இல்லை.

ஒதிலியா பெயரை எடுக்காததற்குக் காரணம் மூத்தவன் ஆதான். அவனைப் பக்கத்துத் தெருப் பள்ளியில்தான் போட்டார்கள். முதல் வருடம் வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் கொட்டுவான். இரண்டாம் வருடம் பாதி சொல்லிவிட்டு, மீதிக்கு வார்த்தை கிடைக்காமல் நிறுத்துவான். மூன்றாம் வருடம் முடியும்போது, தாய்க்கும் மகனுக்கும் நடுவே சாப்பாட்டுத் தட்டு மட்டும்தான் போய்வந்துகொண்டிருந்தது. இப்போது ஸ்போக்கேனில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். அவனிடம் ஏறத்தாழ நாற்பது ஸ்பானிஷ் வார்த்தைகள் மிச்சமிருக்கின்றன. நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

தவறு படிவத்தில் நடந்தது. யாரெலிக்கு விண்ணப்பித்த வருடம் குடியேற்றத் துறையின் வெள்ளை வண்டிகள் ஆப்பிள் கொட்டகைகளின் வாசலில் நின்றன. 'உங்கள் குழந்தை முதலில் பேசிய மொழி எது?' என்று பள்ளிப் படிவம் கேட்டது. கொட்டகையில் யாரோ சொன்னார்கள், ஆங்கிலம் என்று எழுதினால் கதவைத் தட்டமாட்டார்கள் என்று. அங்கே வேலை பார்த்த பத்தொன்பது பெண்களும் ஆங்கிலம் என்றே எழுதினார்கள். அதே வாரம், ஸ்பானிஷ் பட்டியல்தான் சின்னது என்று கேள்விப்பட்ட, வீட்டில் ஆங்கிலம் பேசும் வசதியான மேட்டுத்தெருக்காரர்கள் ஸ்பானிஷ் என்று எழுதினார்கள். இரண்டு பட்டியலும் தலைகீழாக நிரம்பின. அலுவலகம் அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டது.

ஒதிலியா மெக்சிகோவின் மிச்சோவாகானில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். அங்கே உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது கடிதம் எழுதுவதுதான்: மேலே ஊர், தேதி, முதல் வரியில் விஷயம், கடைசியில் நன்றி, அதற்கும் கீழே, கூட ஏதாவது வைத்தால், இணைப்பு இத்தனை. படிவத்தில் 'ஆங்கிலம்' என்ற அந்த ஒரு வார்த்தையை 'ஸ்பானிஷ்' என்று மாற்றித்தரும்படி வருடம் ஒரு கடிதம் எழுதினாள். பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, புகைப்படம், இணைப்பு மூன்று. உறையின் பசையை நக்குவது யாரெலியின் வேலை. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று வருடம் ஒரு பதில் வந்தது. பிறந்தநாளுக்கு அதே ஐந்து மெழுகுவத்திகளைக் கழுவித் துடைத்து மறுபடி ஏற்றினார்கள். யாரெலியோடு மண்ணில் விளையாடிய எதிர்வீட்டு பிரிசா கார் ஓட்டப் பழகி, சனிக்கிழமைகளில் யாரெலியைப் பார்த்துக்கொள்ள வந்தாள். அப்பா ரொஹேலியோவின் தலை நரைத்தது. "ஏ கிழவி, துணிமணி வாங்க வேண்டாத பிள்ளைய யாரு பெத்தா நம்மள மாதிரி?" என்று ஆரம்பத்தில் சொல்லிச் சிரிப்பான். பிறகு அதைச் சொல்வதை விட்டுவிட்டான். ஆனால் யாரெலி மட்டும், கொட்டகையிலிருந்து அம்மா திரும்பியதும், எறும்பு, நாய், கனவு என்று ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் ஸ்பானிஷில் கொட்டினாள்.

இத்தனைக்கும் பள்ளி எப்படிப்பட்டது என்று பார்க்காமல் காத்திருக்கவில்லை ஒதிலியா. கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு வருடமும் ஒரு நோட்டில் குறித்துவந்தாள். நூலகத்தில் ஸ்பானிஷ் புத்தகங்களின் முதுகு மடங்கியிருக்கிறதா. கழிப்பறைச் சுவரில் அறிவிப்பு எந்த மொழியில். பிள்ளை விழுந்து முழங்கால் சிராய்த்தால், ஆசிரியை எந்த மொழியில் ஓடிவருகிறாள். கடைசியாக, மதிய இடைவேளையில் வேலியோரம் நின்று, காதில் விழும் முதல் நூறு வாக்கியங்களில் ஸ்பானிஷ் எத்தனை என்று எண்ணுவாள். முதல் வருடம் முப்பத்தொன்று. ஐந்தாம் வருடம் பதினேழு. போன வருடம் ஆறு. அதில் நாலு வசவு.

பன்னிரண்டாவது கூட்டத்தில் திருமதி லிண்ட்க்விஸ்ட் திரும்பி, வகுப்பில் கற்ற ஸ்பானிஷில் அன்பாகப் பேசினாள்.

"உங்க பொண்ணா? என்ன அழகு! எத்தனாவது தடவை வர்றீங்க?"

"பன்னெண்டு."

"ஐயோ. எங்களுக்குப் போன வாரமே இடம் வந்துடுச்சு. சேக்கலாமா வேண்டாமான்னு பாத்துட்டுப் போக வந்தோம். படிவத்துல ஸ்பானிஷ்னு போட்டோம். பொய் இல்லீங்க, எங்க பையனப் பாத்துக்கற ஆயா அவன்கிட்ட அதுலதான் பேசுவா. அவன் முதல்முதலா பால் கேட்டதே ஸ்பானிஷ்லதான்."

"நல்லது" என்றாள் ஒதிலியா. அந்தப் பெண்மணிக்கு வயிற்றில் ஆறு மாதம்.

கூட்டம் முடிந்து, நடைகூடத்தில் செனாய்தா பட்டியலைப் பார்த்துவிட்டு, தோன்யா என்று மரியாதையாகவே கூப்பிட்டுச் சொன்னாள். "அம்பத்திரண்டாவது, தோன்யா ஒதிலியா."

"போன வருஷம் முப்பத்தொம்பதுன்னீங்க."

"உள்ள படிக்கறவங்களோட தம்பி தங்கச்சிங்களுக்கு முதல்ல குடுக்கணும்ல. அந்தம்மா வயித்துல இருக்கறதுகூட உங்களுக்கு முன்னாடிதான்."

"அந்த ஒரு வார்த்தைய மாத்தக் கேட்டிருந்தேனே."

"முதல் மொழி ஒரு தடவைதான் முதல் மொழியாம். மேல சொல்றாங்க, நான் சொல்லல. பேர எடுத்துடுங்க, தோன்யா. என் மகளும் எடுத்தா. பேரன் இப்ப ஆறடி."

"உங்ககிட்ட பேசறானா?"

செனாய்தா சாவிக்கொத்தில் ஏதோ சாவியைத் தேடினாள். "கை காட்டுவான்" என்றாள்.

ஒதிலியா வேலியோரம் போய் நின்றாள். மதிய இடைவேளை. சறுக்குமரத்தடியில் நாற்பது பிள்ளைகளாவது இருப்பார்கள்; மேட்டுத்தெருப் பிள்ளைகளும், கொட்டகைப் பிள்ளைகளில் எப்படியோ உள்ளே வந்துவிட்ட ஐந்தாறு பேரும். எல்லோரும் ஆங்கிலத்தில் கத்தினார்கள், ஆங்கிலத்தில் அழுதார்கள். தொண்ணூறு தாண்டியும் நோட்டில் கோடு விழவில்லை. அப்போதுதான் யாரெலி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் சேத்துக்கங்க!" என்று ஸ்பானிஷில் கத்தினாள். ஒருவரும் திரும்பவில்லை. ஸ்பானிஷை வகுப்பறைக்குள்ளேயே விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் எப்படித் திரும்பும்? ஒதிலியா நூறு வரை எண்ணினாள். நூறில் ஒன்று. அந்த ஒன்றும் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனது.

நடந்து வரும்போது யாரெலி நாக்கால் பல்லைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "பிரிசாவுக்கு எல்லாப் பல்லும் புதுசாம். எனக்கு எப்பம்மா விழும்?"

"விழும், தாயி."

"நீ எப்பவும் இதேதான் சொல்ற."

வீட்டுக்கு வந்ததும் ஒதிலியா சமையலறை மேசையில் காகிதத்தை விரித்தாள். ரொஹேலியோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"மறுபடியும் அந்த வார்த்தையா?"

"இல்ல. பேர எடுக்கச் சொல்லி."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "அப்புறம் அவளும் ஆதான் மாதிரிதான்."

"மூணு வருஷம் இருக்கு. ஆதானுக்கு அவ்வளவுதான் ஆச்சு. அதுக்குள்ள சொல்லவேண்டியத சொல்லிடணும்."

"என்னத்தச் சொல்லுவ?"

"தெரியல. இனிமேதான் வரிசை போடணும்."

கடிதம் ஐந்து வரி. ஊர், தேதி, விஷயம், நன்றி. கையெழுத்துக்குக் கீழே, பதினோரு வருடப் பழக்கத்தில், 'இணைப்பு' என்று எழுதிவிட்டு, வைப்பதற்கு ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வர, அதை அப்படியே விட்டு மடித்து உறைக்குள் போட்டாள். யாரெலி கை நீட்டினாள். உறையை வாங்கி, பசையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நக்கித் திருப்பிக் கொடுத்தாள். பசையில் பல் ஒட்டியிருந்தது. கொஞ்சம் ரத்தமும். அலுவலகம் இன்னும் பெயரை எடுக்கவில்லை. பல் அதற்குக் காத்திருக்கவில்லை.

"அட, வந்துருச்சே" என்றான் ரொஹேலியோ.

"தலகாணிக்கு அடியில வைக்கணும்! பல் எலி வந்து எடுத்துட்டுக் காசு வச்சுட்டுப் போகும்" என்றாள் யாரெலி, புது ஓட்டை வழியாகக் காற்றுப் போக.

"எலி அங்கயே போய் வாங்கிக்கட்டும்" என்றாள் ஒதிலியா. கடிதத்தை வெளியே எடுத்தாள். 'இணைப்பு' என்பதற்குப் பக்கத்தில் ஒன்று என்று எழுதினாள். மறுபடி மடித்து, பல்லையும் உள்ளே போட்டு, விரலால் அழுத்தி ஒட்டினாள்.

தெருமுனைத் தபால் பெட்டி வரை மூன்று பேரும் நடந்தார்கள். பாதி வழியில் யாரெலி, செருப்பு கடிக்கிறது என்றாள். ஒரு அளவு பெரியதை ஒதிலியா பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருந்தாள். நடைபாதை ஓரத்தில் உட்காரவைத்து மாற்றிவிட்டாள். பிறகு பெட்டியின் மூடியை இழுத்து உறையை உள்ளே விட்டாள். அது போய் விழுந்தபோது, உள்ளே பல் ஒருமுறை உருண்டது கேட்டது.