சீனியர் சொல்லாமல் விட்டது

இன்றோடு போதும் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் சீனியர் வந்திருந்தார். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, "இனிமே டயாலிசிஸ் வேணாம்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதற்கப்புறம் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. எட்டு வருடமாக ரத்தத்தை மெஷினுக்குக் கொடுத்து வாங்கியாயிற்று. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பஸ் ஓட்டிய கை, ஊசி குத்திக் குத்திக் கயிறு மாதிரி முடிச்சு விழுந்து கிடக்கிறது. போதாதா?

அந்த வார்டில் அவரளவுக்குத் தாக்குப்பிடித்தவர் யாருமில்லை. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். கூடவே, புதிதாக வருபவர்களைத் தேற்றும் சம்பளமில்லாத உத்தியோகம். "பழகிடும்" என்று அவர் தேற்றிய முக்கால்வாசிப் பேர் இன்று இல்லை. "ஷிஃப்ட் மாறிட்டாங்க" என்பார்கள் நர்ஸுகள். செத்துப்போனார் என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இன்றைக்கென்று பார்த்து, பக்கத்துப் படுக்கைக்கு ஒரு தையல்காரம்மா வந்து சேர்ந்தாள். "சீனியர், கொஞ்சம் பேசிக்கிட்டிருங்க" என்று அவர் தலையில் கட்டிவிட்டு நர்ஸ் நகர்ந்துவிட்டாள்.

"இது பழகிடுமா அண்ணே?"

"பழகாது." இன்று அவருக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. "தண்ணி அளந்துதான் குடிக்க விடுவாங்க. தாகம்தான் ஆளை வாட்டும். சின்ன டம்ளரா ஒண்ணு வாங்கிக்கம்மா. பெரிய டம்ளர்ல பாதி குடிச்சா மனசு இன்னும் கேக்கும். சின்னதுல முழுசாக் குடிச்சா கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் ஒண்ணும் ஆகாதுன்னாங்க. நீங்கதான் உள்ளதைச் சொல்றீங்க." குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர் வந்தா, எனக்கு இது வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். வெளியில மக உக்காந்திருக்கா. அவளுக்குத் தெரியாது."

சீனியரும் அதையே சொல்லத்தான் வந்திருந்தார். தடுக்க அவருக்கு என்ன யோக்கியதை?

டாக்டர் வந்துவிட்டார். "என்ன சீனியர், ஏதோ பேசணும்னீங்களாமே?"

தையல்காரம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னால் அடுத்த நிமிஷம் அவளும் சொல்லிவிடுவாள்.

"ஃபேன் வேகமாச் சுத்துது டாக்டர். குளிருது."

ஃபேனைக் குறைக்கச் சொல்லிவிட்டு டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். அவள் வாயைத் திறந்தாள். பிறகு ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

டாக்டர் போனதும் கேட்டாள்: "நாளன்னிக்கும் நீங்க இங்கதானே அண்ணே?"

இந்த வயதில் இன்னொருவருக்கு நாம் தேவைப்படுவது கொடுப்பினை என்பார்கள். கொடுத்து வைத்த சீனியருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இங்கதான்மா," என்றார். "வேற எங்க போறது."