தீவனத்தை மென்ற வேட்பாளர்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆளுநர் தேர்தலில் நிற்க முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், இரண்டு வருஷம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். இது சட்டம். சந்தையில் நின்றபடி குச்சியில் குத்திய பன்றிக்கறியைச் சட்டையில் சொட்டாமல் தின்னவும் தெரிந்திருக்க வேண்டும். இது சட்டத்தில் இல்லை, ஆனால் இதில் தவறியவனைத்தான் ஜனங்கள் மன்னிப்பதில்லை.

வெண்டல் பிராக்மேயருக்கு முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவதை லோர்னா வீன்ஸ்ட்ரா கண்ணாடி முன் நிறுத்தி மூன்று வாரம் பழக்கியிருந்தாள். அவருடைய பிரசாரம் முழுக்க அவள் தலையில்தான் ஓடியது. அவர் ஜெயித்தால் ஆளுநர் அலுவலகத்தில் அவருக்கு அடுத்த நாற்காலி அவளுக்கு. தோற்றால் அக்கா புருஷனின் கம்பளக் கடையில் அளவு நாடாவோடு நிற்க வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் நடந்த ஒரு மாவட்டச் சந்தையின் வாசலில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருந்தன. ஒன்றில் வெண்டலின் படம், மற்றதில் இப்போதைய ஆளுநரம்மாவின் படம். வருகிற ஆளுக்கு ஒரு மக்காச்சோள மணி, திரும்பும்போது பிடித்தவர் ஜாடியில் போடலாம். சாயங்காலம் எண்ணிப் பத்திரிகையில் போடுவார்கள். போன இரண்டு சந்தைகளிலும் வெண்டலுக்கு அடி. இதிலும் தோற்றால் கட்சி கைகழுவிவிடும் என்று தலைவர் காலையிலேயே ஃபோனில் சொல்லிவிட்டார்.

குழந்தைகளை வைத்துத்தான் பெரியவர்களைப் பிடிக்க வேண்டும் என்று லோர்னா கணக்குப் போட்டாள். கன்றுக்குட்டி வளர்த்துப் போட்டிக்குக் கொண்டுவந்த பிள்ளைகளை மாட்டுக்கொட்டகையில் வைக்கோல் கட்டுகள்மேல் உட்கார வைத்தாள். ஆளுநரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வெண்டல் விளக்க வேண்டும். சுற்றிலும் அப்பா அம்மாக்கள், ஒரு புகைப்படக்காரர்.

“முதல்ல ஜூன் மாசம் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல். அதுல ஜெயிக்கிறவங்க நவம்பர்ல அடுத்த கட்சி ஆளோட மோதணும். யாருக்கு ஓட்டு ஜாஸ்தியோ அவங்க நாலு வருஷம் கவர்னர்,” என்றார் வெண்டல்.

பத்து வயசு ஹேட்டி தன் கிடேரியின் கயிற்றை விடாமல் எழுந்தாள். “ஜூன்ல ஒருத்தரைத் திருடன்னு சொன்னீங்களே, சார். இப்ப போஸ்டர்ல அவர் தோள்மேல கை போட்டிருக்கீங்களே?”

“அது ஜூன் பேச்சு, கண்ணு.”

“ரெண்டு பேருக்கும் ஓட்டு சமமா வந்துட்டா?”

“சட்டசபை கூடி முடிவு பண்ணும்.”

“அவங்களாலயே முடியும்னா நாங்க எதுக்கு வரிசையில நிக்கணும்?”

கொட்டகை சிரித்தது. வெண்டலின் காது சிவந்தது. பேச்சை மாற்ற, பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு சோளக்கதிரை எடுத்துத் தோலை உரித்தார். “நான் விவசாயி பெத்த பிள்ளை! இதைப் பச்சையாக் கடிச்சு வளர்ந்தவன்!” என்று ஒரு கடி கடித்தார். அவர் அப்பா தலைநகரில் இன்ஷூரன்ஸ் விற்றவர். அது லோர்னாவுக்குத் தெரியும்.

சிரிப்பு சட்டென்று நின்றது. நாம் தின்னும் சோளம் எது, மாடு தின்னும் சோளம் எது என்று தெரியாத பிள்ளையை அந்த ஊரில் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள்.

“சார், அது என் மாட்டோடது,” என்றாள் ஹேட்டி.

லோர்னா அவர் காதோரம் குனிந்தாள். “துப்பிருங்க. தப்பு நடந்துபோச்சுன்னு சிரிச்சிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

வெண்டலின் பல்லெல்லாம் மாவாக ஒட்டியிருந்தது. அப்படியே விழுங்கினார். “தேன்! எங்கம்மா குடுத்த அதே ருசி!”

பன்றிப் பண்ணைக்காரர் ஓர்வில் டீட்ஸ் தொப்பியைப் பின்னால் தள்ளினார். “ஆசையாத் திங்கிறீங்க, பாதியில விடாதீங்க சார்.”

வெண்டல் விடவில்லை. தக்கை மிஞ்சும்வரை தின்றார். கிடேரி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. லோர்னாவின் மூக்கில் கம்பளக் கடைப் பசை வாசம் அடித்தது.

கதை சந்தை முழுக்கச் சுற்றிவந்த பிறகு, ஐந்து மணிக்கு எண்ணினார்கள். ஆளுநரம்மாவுக்கு நானூற்று முப்பது. வெண்டலுக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு. லோர்னா இரண்டாம் தடவை எண்ணச் சொன்னாள். அதே கணக்குதான்.

வாசலில் ஓர்வில் டீட்ஸைப் பிடித்தாள். “இத்தனை பேர் எப்படிப் போட்டீங்க? அவர் தின்னது என்னன்னு பார்த்தீங்கதானே?”

“பார்த்ததாலதான் போட்டோம், மேடம். அந்தம்மா காலையில வந்து எங்க பண்ணைக் கழிவு ஆத்துல கலக்குதுன்னு கணக்குக் கேட்டாங்க. இவர் பாருங்க, மாட்டுத் தீவனத்தைக் குடுத்தாலும் தேன்னு சொல்லி முழுங்குறாரு. நாளைக்கு நாங்க எழுதிக் குடுக்கிற மனுவையும் இப்படித்தானே முழுங்குவாரு? இப்படி ஒரு கவர்னரைத் தேடிப் பிடிக்க முடியுமா?”

கொட்டகைக்குப் பின்னால் வெண்டல் குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நிமிர்ந்தார். “ஜெயிச்சோமா? நான் பேசினது புடிச்சுதாமா?”

லோர்னா கைக்குட்டையை நீட்டினாள்.

“ரொம்பப் புடிச்சுதாம், சார்.”